வில்லங்கம் இல்லாத சேலை

வேண்டாங்க, மேலே வைக்க வேண்டாம். மடியிலேயே இருக்கட்டும். கனம் ஒன்றுமில்லை, ஒரே ஒரு சேலைதான். உங்கள் முழங்காலில் இடிக்கிறதா? இதோ, இந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறேன். எதற்கு இவ்வளவு பத்திரம் என்றுதானே பார்க்கிறீர்கள்? கேட்கலாம், தப்பில்லை. கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும்.

இப்போது தாண்டுகிறோமே இந்தக் காவிரி, இதற்கு ஈரோட்டுக் கரையிலும் சரி, பள்ளிபாளையத்துக் கரையிலும் சரி, வில்லங்கம் இல்லாத சேலை இது ஒன்றுதான். வில்லங்கம் என்றால் 'அவன் வில்லங்கமான ஆளு' என்கிறோமே, அந்த அர்த்தத்தில் இல்லை. அது சந்தைப் பேச்சு. நான் சொல்வது பத்திரப்பதிவு ஆபீஸ் வில்லங்கம். நான் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். சென்னியப்பன் என்று பேர். நிலம் ஒன்று கைமாறுகிறது என்றால் இது இவருக்கு யார் கொடுத்தது, அவருக்கு யார் கொடுத்தது என்று பின்னாலேயே போய் மூலப்பத்திரத்தில் முட்டி நிற்க வேண்டும். நடுவில் ஓர் அடமானம், ஒரு கோர்ட்டுத் தடை, கையெழுத்துக் கேட்காமல் விட்ட ஒரு தங்கை என்று ஏதாவது கிடந்தால் அதுதான் வில்லங்கம்.

அதோடு ஒரு கேள்வியும் உண்டு. எழுதிக் கொடுக்கிறவரை நிமிர்ந்து பார்த்துக் கேட்க வேண்டும். "யாரோட வற்புறுத்தலும் இல்லாம, மனப்பூர்வமா சம்மதிச்சுத்தான் எழுதிக் குடுக்கறீங்களா?" பல பேர் கேட்க மாட்டார்கள். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை, 'ம்' என்று ஒரு முனகல், அவ்வளவுதான். நான் ஒரு நாளும் கேட்காமல் விட்டதில்லை. காது கேட்காத கிழவரிடம்கூடக் கத்திக் கேட்டிருக்கிறேன். என் மகள் நறுமுகை சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு நேராக என் ஆபீஸுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாள். வீட்டுக்குப் போனதும் பொம்மையை எதிரில் வைத்து இதே கேள்வியைக் கேட்பாள். பொம்மை பதில் சொல்லாது. "சம்மதம் சொல்லல, பத்திரம் ரிட்டர்ன்" என்று திருப்பி அனுப்பிவிடுவாள். சிரிக்கிறீர்களா? அவளுடைய கல்யாணச் சேலைதான் இது. அவள்தான் என்னை இப்படிப் பஸ் பஸ்ஸாக ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறாள்.

நீங்கள் எங்கே? திருச்செங்கோடா? போர் போடுகிற ரிக் வண்டி வைத்திருக்கிறீர்களா? அப்படிச் சொல்லுங்கள். அப்போது நீங்களும் நம்ம இனம்தான். அடி வரைக்கும் தோண்டுகிறவர்.

மாப்பிள்ளை கோபிக்காரர், நவநீதன். பெங்களூரில் வேலை. ஜாதகம் பொருந்திற்று, குலம் பொருந்திற்று. நிச்சயத்துக்கு முன்பு ஒரு தடவை இரண்டு பேரையும் கோயம்புத்தூரில் ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து பேச வைத்தோம். நாங்கள் பெரியவர்கள் தூரத்து மேசையில் நெய்ரோஸ்ட். நான் பழைய காலத்து ஆள் இல்லை, பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், "எப்படி கண்ணு, பையன்?" என்று. "நல்லவர்தாம்ப்பா. என்கிட்ட ஒண்ணுமே கேக்கலை" என்றாள்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. ஒன்றுமே கேட்காத மாப்பிள்ளை! காரும் வேண்டாம், பவுனும் வேண்டாம். இந்தக் காலத்தில் விளக்கு வைத்துத் தேடினாலும் கிடைக்குமா? அன்றைக்கே சம்பந்தி வீட்டுக்குப் போன் போட்டு வெற்றிலை மாற்ற நாள் குறித்துவிட்டேன். அவள் அதற்கும் ஒன்றும் மறுத்துச் சொல்லவில்லை. மௌனம் சம்மதம் என்று சொல்வார்கள் அல்லவா? ஆபீஸில் செல்லாது. வீட்டில் செல்லும்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, சேலைக்கடை வரைக்கும். வைகாசியில் முகூர்த்தம். இரண்டு வீட்டு ஜனமும் ஒரு வேனில் கோயம்புத்தூர் போய் இறங்கினோம். பெரிய கடை. பேர் வேண்டாம். முகூர்த்தப் பட்டை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்துப் போடுகிறான் கடைப் பையன். இவள் ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணா, இந்தச் சேலைக்கு எத்தனை புழு?" என்றாள்.

அவன் பதறிவிட்டான். "புழுவா? நம்ம கடைச் சேலையில புழு பூச்சியெல்லாம் வராதுங்க மேடம். கேரண்டி."

"வந்ததைக் கேக்கலைங்கண்ணா. செத்ததைக் கேக்கறேன்."

பட்டு எப்படி வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும்தானே? புழு கூடு கட்டி உள்ளே படுத்திருக்கும்போதே கொதிக்கிற தண்ணீரில் போட்டுவிடுவார்கள். பூச்சியாகிக் கூட்டைப் பொத்துக்கொண்டு வந்துவிட்டால் இழை அறுந்துபோகும். எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும், சம்பந்தியம்மாவுக்கும் தெரியும். ஆனால் முகூர்த்தப் பட்டை விரித்து வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சா? சம்பந்தியம்மா தொட்டிருந்த சேலையிலிருந்து கையை எடுத்துவிட்டார்கள். என் சம்சாரம் சம்பூரணம் என்னைப் பார்க்கிறாள். நான் மின்விசிறியைப் பார்க்கிறேன். அப்போது நறுமுகை சொன்னாள், எல்லோர் காதிலும் விழும்படி: "ஒரு உசுரையும் வதைக்காத பட்டு கிடைச்சா, கட்டிக்கறேன்."

'கட்டிக்கறேன்' என்றாள். எதை என்று சொல்லவில்லை. செயப்படுபொருள் இல்லாத வாக்கியம். பேச்சுத் தமிழில் இது சகஜம். இடம் பார்த்துப் பொருள்கொள்ள வேண்டும். இடம் சேலைக்கடை. ஆகவே சேலை. எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

அவள் வேலை அப்படி. திருப்பூரில் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் இருக்கிறாள். வெளிநாட்டுக்காரன் ஒரு பனியன் வாங்கினால் சும்மா வாங்குவதில்லையாம். இந்தப் பஞ்சு எந்தக் காட்டில் விளைந்தது, எடுத்தது பெரியவர்களா குழந்தைகளா, சாயத்தண்ணீரை எந்த ஆற்றில் விட்டாய் என்று கேட்பானாம். அதற்கெல்லாம் ஆள் ஆளாகப் போய் விசாரித்துப் பதில் வாங்குவது இவள் வேலை. அதற்கு முன்னாடி, அதற்கு முன்னாடி என்று கேட்டுக்கொண்டே போவாள். நான் நிலத்துக்குப் பார்த்ததை அவள் துணிக்குப் பார்க்கிறாள். ரத்தம், வேறென்ன? அதனால் எனக்குக் கோபம் வரவில்லை, பாருங்கள். ஒரு விதத்தில் பெருமைதான். சம்பந்தியிடம் சொன்னேன், "ஆவணிக்குத் தள்ளிப் போட்டுக்கலாங்க. சேலைய நான் பாத்துக்கறேன்" என்று. வேனில் திரும்பும்போது எல்லோரும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள். இவள் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டு வந்தாள்.

முதலில் இன்னொரு கடை. 'அகிம்சைப் பட்டு' என்று எழுதி வைத்திருந்தான். எப்படிப்பா அகிம்சை என்று கேட்டேன். "பாக்ஸ்லயே போட்ருக்குதுங்க சார்" என்றான். பாக்ஸில் போட்டிருந்தால் அது அத்தாட்சியா? அப்படிப் பார்த்தால் என் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருந்த பத்திர எழுத்தர் பாதி ஈரோட்டை எனக்கே எழுதி வைத்திருப்பார்.

பிறகு தர்மபுரிப் பக்கம் ஒருவர், கூட்டைக் கொதிக்க வைக்காமல் பூச்சியை வெளியே விட்ட பிறகுதான் நூல் எடுக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். உண்மைதான். கண்ணால் பார்த்தேன். சந்தோஷமாக வந்து சொன்னால் இவள், "அதுக்கப்புறம் அந்தப் பூச்சி எங்க போச்சுப்பா?" என்கிறாள். திரும்பவும் தர்மபுரி. அந்தப் பூச்சிக்குப் பறக்கத் தெரியாதாம். ரெக்கை இருக்கிறது, பறக்காது. உட்கார்ந்த இடத்தில் முட்டை போட்டுவிட்டுச் செத்துப்போகும். முட்டை பொரித்தால் அத்தனை குஞ்சுக்கும் மல்பெரி இலை வேண்டும். யார் போடுவார்கள்? பட்டினி. ஒன்றைக் காப்பாற்றப் போய் நூற்றைக் கொல்வது. நறுமுகையிடம் சொன்னேன். "பாவம்ப்பா. ரெக்கைய வெச்சுக்கிட்டு" என்றாள். அவ்வளவுதான். அந்த மூலப்பத்திரம் அங்கேயே செத்தது.

ஆவணி போனது. ஐப்பசி என்று வைத்தோம்.

சம்பூரணம் ஒரு நாள் சாம்பாருக்குக் காய் நறுக்கிக்கொண்டே, "ஏனுங்க, அவ சேலையைப் பத்திப் பேசறான்னு நினைக்கறீங்களா?" என்றாள். "பின்னே எதைப் பற்றி?" என்று கேட்டேன். முருங்கைக்காயை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். பெண்களுக்கு ஒரு பொருளில் நின்று பேச வராது. நறுமுகைக்கு வரும். அதுதான் என் வளர்ப்பு. கல்யாணம் தள்ளிப் போனால் பெண் பிள்ளைகள் இளைத்துப்போவார்கள், இல்லையா? இவள் இரண்டு இட்லி சேர்த்துச் சாப்பிட்டாள். பாட்டு முணுமுணுத்தாள். அத்தனை மன உறுதி.

அப்புறம் கிடைத்தது பாருங்கள், எரிப் பட்டு. அசாம் பக்கத்துச் சரக்கு. இந்தப் புழு கட்டுகிற கூட்டில் ஒரு முனை திறந்தே இருக்கும். பூச்சி தானாகக் கதவைத் திறந்துகொண்டு போவதுபோல் போய்விடும். காலிக் கூட்டை எடுத்துப் பஞ்சுபோல் நூற்க வேண்டியதுதான். கொதிநீரும் இல்லை, கொலையும் இல்லை. அதை நம்ம ராசிபுரத்துக்குப் பக்கத்திலேயே குச்சிக்கிழங்குக் காட்டில், அதுதான் மரவள்ளி, அந்தக் கிழங்கு இலையைப் போட்டே வளர்க்கிறார்கள். எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றிற்று. சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டேன்.

"என்ன பட்டுங்க சம்பந்தி?"

"எரிப் பட்டுங்க."

அந்தப் பக்கமிருந்து மெதுவாக, "கல்யாணத்துக்கு எரியுற பட்டுங்களா?" என்று ஒரு குரல்.

நான் விளக்கினேன். அம்மா, இது எரிகிற எரி இல்லை. அசாம் பாஷையில் ஆமணக்குக்கு அப்படி ஒரு பேர். ஆமணக்கு இலை தின்கிற புழு, அதனால் அந்தப் பேர். உங்களுக்கு மனசு ஒப்பவில்லை என்றால் ஆமணக்குப் பட்டு என்றே சொல்லிக்கொள்ளலாம் என்றேன்.

"ஆமணக்குன்னா வெளக்கெண்ணெய்தானுங்களே?" என்றார்கள். "வெளக்கெண்ணெய்ப் பட்டுன்னு பத்திரிகையிலயும் போட்டுருங்க. எங்க வீட்டுப் பையனையும் அப்படித்தான் நினைச்சுட்டீங்களாட்ட இருக்குது."

வீட்டில் வந்து சொன்னால் நறுமுகை சிரித்து அடங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சம்பூரணம்கூடச் சிரித்துவிட்டாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாதவர்களிடம் சம்பந்தம் பண்ணுகிறோமே என்று கவலை.

காட்டுக்காரி பேர் மாரக்காள். புழுவும் அவளே வளர்க்கிறாள், நூலும் மெஷினில் அவளே நூற்கிறாள். நான் போய் வில்லங்கம் பார்த்தேன். இலைக்கு மருந்து அடிக்கிறீர்களா? இல்லை. பூச்சி போட்ட முட்டை? அடுத்த ஈட்டுக்கு எடுத்து வைப்போம், மிச்சம் பக்கத்துக் காட்டுக்காரர்களுக்கு. ஒரு கூட்டைக் கையில் எடுத்து, "இதிலிருந்த பூச்சி இப்ப எங்கம்மா?" என்றேன். "எனக்கெப்படீங்க தெரியும், அட்ரஸ் குடுத்துட்டா போச்சு?" என்றாள். பக்கத்தில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். போகட்டும். விசாரணை என்றால் நாலு பேர் சிரிக்கத்தான் செய்வார்கள்.

அடுத்தது சாயம். நொய்யல் ஆறு சாயத்தில் நுரைத்து ஓடியதை இந்தக் கண்ணாலேயே பார்த்தவன் நான். அதனால் அவள் கேட்பதற்கு முன்பே ரசாயனச் சாயம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சம்பூரணம் அரக்குக் கலர்தான் முகூர்த்தத்துக்கு ஆகும் என்றாள். சரி, இயற்கை அரக்கிலேயே சாயம் போடலாம் என்றார்கள் சாயக்காரர்கள். நானே போய் விசாரித்தேன். விசாரித்தால், அரக்கு என்பதே ஒரு பூச்சி! காலமெல்லாம் அரக்குக் கலர், அரக்குக் கலர் என்கிறோம், அந்தச் சிவப்பு பூச்சியிலிருந்து வருகிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? பட்டுப்புழுவைக் காப்பாற்றி அரக்குப் பூச்சியில் தோய்ப்பதா? நானே தள்ளுபடி செய்துவிட்டேன். நறுமுகையிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "அடேங்கப்பா, எனக்கே தெரியாதுப்பா" என்றாள். மகளுக்குத் தெரியாத வில்லங்கத்தை அப்பன் கண்டுபிடித்தான். அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை, சந்தோஷத்தில். கடைசியில் மஞ்சிட்டி வேரில் தோய்த்தோம். செடிதான். அதற்கு உயிர் இல்லையா என்கிறீர்களா? அந்தக் கேள்விக்கும் தயாராகத்தான் இருந்தேன். அவள் கேட்கவில்லை.

ஜரிகை கேட்டாள். "வெள்ளி எந்தச் சுரங்கம்ப்பா? எறங்கினது யாரு?" நான் எங்கே போய்ச் சுரங்கத்தைத் தேடுவேன்? ஜரிகையே வேண்டாம் என்றேன். ஜரிகை இல்லாத முகூர்த்தச் சேலை! சம்பூரணம் அழுதாள். "போர்வையாட்ட இருக்குமுங்க. மணவறையில எம்புள்ள குளிருக்குப் போத்திட்டு உக்காந்த மாதிரி இருக்கும்" என்றாள். ஐப்பசியும் தாண்டியது. சம்பந்தி வீட்டில் சொன்னார்கள், "தையில முடியலைன்னா நாங்க வேற எடம் பாத்துக்கறோம்." அதை நறுமுகையிடம் சொன்னேன். அவள், "வேற எடம் பாத்தா அவங்களுக்கு நல்லதுதானேப்பா" என்றாள். அடுத்தவர் நலத்தை நினைக்கிற பெண்! நானாக இருந்தால் திட்டியிருப்பேன்.

நெசவாளி ராசிபுரத்துக்காரர், கந்தவேல். அந்த ஆளைப் போல ஒரு சிடுமூஞ்சியை நான் பார்த்ததில்லை. கூலி கட்டுபடியாகிறதா என்று கேட்டேன். நறுமுகை கேட்கச் சொல்லியிருந்தாள்.

"எந்தக் காலத்துல ஆச்சு? நீங்க என்ன, லேபர் ஆபீஸருங்களா?"

"இல்லைங்க. பொண்ணுக்கு அப்பா."

"அப்படின்னா மொதல்ல டீ வாங்கிக் குடுங்க."

டீ வாங்கிக் கொடுத்தேன். கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டேன். அதுவும் அவள் உத்தரவுதான். அதில்தான் அந்த ஆளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பேரம் பேசாத ஒரு பார்ட்டிய இன்னிக்குத்தான் பாக்கறேன். இத்தன மாசமா ஒரு சேலைக்கு அலையறீங்க. பொண்ணைக் கேட்டீங்களா?"

"கேட்டேனே. மஞ்சிட்டிச் சிவப்பு பிடித்திருக்கிறதாம். பார்டருக்கு மஞ்சள்."

"நான் அதைக் கேக்கலீங்க" என்று சொல்லிவிட்டுத் தறியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். வேறெதைக் கேட்டார் என்று விளங்கவில்லை. தறிச் சத்தத்தில் விசாரிக்கவும் முடியவில்லை. நெசவு நன்றாகத் தெரியும், பேச்சுக் கோவையாக வராது. எல்லாம் ஒருவரிடமே எதிர்பார்க்க முடியுமா?

சேலை நேற்று வந்தது.

நேற்றுச் சாயங்காலம் கூடத்தில் பாயைப் போட்டு, அதில் சேலையை வைத்து, நறுமுகையை எதிரில் உட்காரச் சொன்னேன். சம்பூரணத்தையும் கூப்பிட்டேன். எடுத்துச் சொன்னேன், ஆதியோடு அந்தமாக. இன்ன காட்டில் இன்ன இலை தின்ற புழு, அது தானாகப் போன கூடு, இன்னார் நூற்ற நூல், இன்ன வேரில் சாயம், சாயத்தண்ணீர் தென்னைக்குப் பாய்ந்தது, இன்னார் நெய்தது, கேட்ட கூலி. எங்கேயும் அடமானம் இல்லை, தாவா இல்லை, பின்தொடர்ச்சி இல்லை. என் சர்வீஸில் இவ்வளவு சுத்தமான ஒரு பாத்தியதையை நான் பார்த்ததில்லை.

அவள் சேலையைத் தொட்டாள். கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "ரொம்ப நல்லா இருக்குதுப்பா. எனக்காகவா இவ்வளவு அலைஞ்சீங்க?" என்றாள். கண் கலங்கியிருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். சம்பூரணம் சுவரில் சாய்ந்து நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரையும் கேட்டுட்டீங்களாப்பா?"

"எல்லோரையும் கேட்டுட்டேன் கண்ணு."

"ஆபீஸ்ல நிமிந்து பாத்து ஒண்ணு கேப்பீங்களே. வற்புறுத்தல் இல்லாம, மனப்பூர்வமா சம்மதிச்சுத்தானான்னு. அதக் கேட்டீங்களா?"

நான் மருந்தைக் கேட்டேன், முட்டையைக் கேட்டேன், கூலியைக் கேட்டேன். அதைக் கேட்கவில்லை! சர்வீஸ் முழுக்கக் கேட்ட கேள்வி. காது கேட்காத கிழவரிடம் கத்திக் கேட்டவன். மகள் கல்யாணத்தில் கோட்டை விட்டுவிட்டேன்.

"ஒருத்தரைக் கேக்காம விட்டுட்டீங்கப்பா" என்றாள், மெதுவாக.

"யார் கண்ணு, மாரக்காளா? கந்தவேலா?"

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சம்பூரணம்தான், "அட கடவுளே" என்று தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். அவளுக்கும் என் மறதி தாங்கவில்லை.

அதனால்தான் விடிந்ததும் கிளம்பிவிட்டேன். ஒருவரைத்தான் விட்டேன் என்கிறாள், அது யார் என்று சொல்ல மாட்டேன் என்கிறாள். அதனால் இரண்டு பேரையும் கேட்டுவிடலாம் என்று. சேலையை முன்னால் வைத்துக் கேட்க வேண்டும், அதுதான் முறை, அதற்காகத்தான் கையோடு கொண்டுபோகிறேன். கிளம்பும்போது நறுமுகை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எங்கப்பா போறீங்க?" என்றாள். "கேக்கத்தான்" என்றேன். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கிற்று. சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை, அப்போது நான் கண்ணாடி போட்டிருக்கவில்லை. பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது.

எனக்குச் சலித்துப்போய்விட்டதுங்க, உண்மையைச் சொல்கிறேன். இரண்டு கடை, மூன்று ஊர், ஒரு சேலை. நல்லது செய்யலாம் என்று புறப்பட்டவனுக்கு எத்தனை கேள்வி! எதையும் யோசிக்காமல் வெந்த புழுவைக் கட்டிக்கொண்டு மணவறையில் உட்காருகிறவர்களுக்கு ஒரு கேள்வியும் கிடையாது. தை பிறக்க இன்னும் கொஞ்ச நாள்தான். ராசிபுரத்தில் இரண்டு பேரும் ஆமாம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. சொல்ல மாட்டார்களா என்ன? அந்தக் கந்தவேலை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

அதோ மலை தெரிகிறது. உங்கள் ஊர் வந்துவிட்டது. மேலே இருக்கிறவர் பாதி உடம்பையே பெண்டாட்டிக்கு எழுதிக் கொடுத்தவர். செட்டில்மெண்ட். என் ஆபீஸுக்கு வந்திருந்தால் அவரையும் கேட்டிருப்பேன், மனப்பூர்வமாகத்தானா சுவாமி என்று.

என்ன? பொண்ணைக் கேட்டீங்களா என்கிறீர்களா? நீங்களுமா! அந்தக் கந்தவேலும் இதையேதான் கேட்டார். கலர் அவளுக்குப் பிடித்த கலர்தாங்க.

கலரைக் கேட்கவில்லையா? சம்மதத்தையா? அது சரி. நீங்கள் பத்திர ஆபீஸ் பக்கம் அதிகம் வந்ததில்லை என்று தெரிகிறது. அதற்கு ஒரு முறை இருக்கிறது. எழுதிக் கொடுக்கிறவரைக் கேட்க வேண்டும். சாட்சியைக் கேட்க வேண்டும். எழுதி வாங்குகிறவரைக்கூட ஒரு வார்த்தை கேட்கலாம். கல்யாணத்தில் எழுதிக் கொடுக்கிறவன் நான். வாங்குகிறவர்கள் அவர்கள். சொத்தைப் போய் யாராவது கேட்பார்களா?

ஏன் சிரிக்க மாட்டேன் என்கிறீர்கள்? நல்ல பகடிதானே. ஆபீஸில் நான் இப்படி ஏதாவது சொன்னால் எழுத்தர்கள் எல்லோரும் சிரிப்பார்கள்.

சொத்து என்றா சொன்னேன்?

இறங்குங்கள், இறங்குங்கள். பின்னால் ஆள் நிற்கிறார்கள். பையைப் பார்த்து, சேலையில் இடிக்காமல். நல்லதுங்க. போய்ட்டு வாங்க.

கண்டக்டர் தம்பி, இங்கிருந்து ஈரோட்டுக்குத் திரும்புகிற பஸ் எந்தப் பக்கம் நிற்கும்?

இல்லை, இல்லை, எனக்கு ராசிபுரம்தான். டிக்கெட் எடுத்திருக்கிறேன் பாருங்கள். சும்மா, கேட்டு வைத்தேன்.